நாள்பட்ட வலி, மூலிகை, ஒரு நோட்டு: 11 வருஷ அனுபவம் (உங்களுடையதையும் எழுதுங்க)

தும்பை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்த விஷயம். பத்து நிமிஷத்துக்கு மேல உட்கார்ந்தா இடுப்பு பிடிச்சுக்கும், அதனால விட்டு விட்டுத்தான் எழுதுறேன். கோர்வை முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

எனக்கு வலி வந்து 11 வருஷம் ஆகுது. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற வட்டு (டிஸ்க்) பிதுங்கினதுல ஆரம்பிச்சது. எட்டு மாசம் கழிச்சு எடுத்த ஸ்கேன்ல பிதுக்கம் நல்லா சுருங்கிடுச்சுன்னு சொன்னாங்க. வலி சுருங்கல. இடுப்புல இருந்து தோளுக்கு, தோள்ல இருந்து கழுத்துக்கு, அப்புறம் ரெண்டு மணிக்கட்டுக்கும் பரவுச்சு. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்"னு கேட்டுட்டு வெளிய வந்து படிக்கட்டுலயே உட்கார்ந்து அழுதிருக்கேன். நார்மல்னா சந்தோஷப்படணும். நமக்கு அது "உன்னை நாங்க நம்பல"ன்னுதான் காதுல விழும். ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்கப் பரவி நிக்கிற நாள்பட்ட வலி நோய்னு ஒரு பேர் கிடைக்க நாலு வருஷம் ஆச்சு.

மூணு மாசத்துக்கு மேல நீடிச்சாலே அது நாள்பட்ட வலி. காயம் ஆறின பிறகும் ஏன் வலிக்குதுன்னு எனக்குப் புரிய வெச்சவங்க ஒரு பிசியோதெரபிஸ்ட். "முழங்கையை இடிச்சுக்கிட்டா உடனே தேய்ச்சு விடுறீங்களே, ஏன் கொஞ்சம் குறையுது?"ன்னு கேட்டாங்க. 1965ல ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விளக்கம் அதுக்கு உண்டு. தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இருக்கு. தொடுறது, தேய்க்கிறது இதெல்லாம் உள்ள போகும்போது வலிச் செய்திக்குக் கதவு பாதி சாத்திக்குது. மூளையும் மேல இருந்து அந்தக் கதவைத் திறக்கும், மூடும். பயமும் தூக்கமில்லாத ராத்திரியும் அதை அகலத் திறந்து விட்டுடும். நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வருஷக்கணக்கா வலிச்சு வலிச்சு நரம்பு மண்டலமே கூர்மையாகிப் போயிருக்கு, சின்னச் செய்தியும் பெருசா கேட்குது. வலி நிஜம்தான். ஆனா ஒவ்வொரு தடவை வலிக்கும்போதும் உடம்பு புதுசா கெட்டுப் போகுதுன்னு அர்த்தமில்லை. இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு வந்த தெம்பு இன்னும் நினைவிருக்கு.

இனி மூலிகைக்கு வர்றேன். நான் மாத்திரையே எடுக்காத ஆள் இல்லை. ராத்திரி ஒரு மாத்திரை இன்னமும் உண்டு, அதை என் டாக்டர்தான் பார்த்துக்கிறாங்க. மூலிகை எனக்கு அதுக்குப் பக்கத்துல இருக்கிற துணை.

அதிகமா செய்யறது இலை ஒத்தடம். நொச்சி, ஆமணக்கு, வாதநாராயணன் மூணு இலையையும் நரம்பு நீக்கி நறுக்குவேன். இரும்புச் சட்டியில கொஞ்சம் விளக்கெண்ணெய் விட்டு, அடுப்பைக் குறைச்சு வெச்சு வதக்குவேன். இலை முதல்ல சடசடன்னு வெடிக்கும், அப்புறம் சத்தம் அடங்கி ஈரமெல்லாம் சுண்டும். அப்பதான் நொச்சியோட வாசம் எழும்பும், மூக்குக்குள்ள சுருக்குனு ஏறும். பழைய பருத்தித் துணியில கொட்டி, உள்ளங்கைக்கு அடங்கற மூட்டையா கட்டி, முதல்ல புறங்கையில ஒத்திப் பார்ப்பேன். புறங்கை மூணு எண்ணுற வரைக்கும் தாங்கினாத்தான் இடுப்புக்கு. ஆறினா சட்டியில திரும்ப வெச்சு எடுப்பேன். மொத்தம் அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்துல எவ்வளவு இலையோட வேலை, எவ்வளவு சூட்டோட வேலை, எவ்வளவு என் உடம்புக்கு நானே உட்கார்ந்து பணிவிடை செய்யறதோட வேலைன்னு என்னால பிரிக்க முடியல. பிரிக்கணும்னும் இப்ப தோணல. 11 வருஷமா என் உடம்பை நான் திட்டிக்கிட்டே இருந்தேன். மூட்டையை ஒத்துற நேரத்துல மட்டும் திட்டுறதில்லை.

இன்னொண்ணு நோட்டு. "பத்துக்கு எவ்வளவு வலி?"ன்னு டாக்டர் கேட்பாங்களே, அந்த மாதிரி தினமும் எண் போட்டுக்கிட்டு இருந்தேன். 7, 8, 7, 7ன்னு பக்கம் பக்கமா. படிச்சா மனசுதான் உடையும். இப்ப மூணே விஷயம் எழுதுறேன். இன்னைக்கு என்ன செஞ்சேன், உள்ளுக்கும் வெளியிலும் என்ன மருந்து, ராத்திரி எப்படித் தூங்கினேன். மூணு மாசம் எழுதின பிறகு ஒண்ணு பிடிபட்டுச்சு. என்னோட மோசமான நாள் கஷ்டப்பட்டு வேலை செஞ்ச நாள் இல்லை, அதுக்கு ரெண்டு நாள் தள்ளித்தான் வருது! நல்லா இருக்கேன்னு ஒரே நாள்ல மூணு நாள் வேலையை இழுத்துப் போட்டுச் செஞ்சுட்டு, அப்புறம் நாலு நாள் படுக்கை. இதே வட்டத்துல பல வருஷம் சுத்தியிருக்கேன். இப்ப நல்ல நாளா இருந்தாலும் பதினைஞ்சு நிமிஷத்துல அலாரம் அடிக்கும், வேலை பாதியில நின்னாலும் எழுந்துடுவேன்.

உங்களுக்கு எது உதவுச்சு, எது உதவல, ரெண்டையும் எழுதுங்க.

அடிவானம்:

அக்கா, படிச்சு முடிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. எனக்கு வயசு 27. ரெண்டு வருஷமா கழுத்துல இருந்து வலது கை வரைக்கும் வலி, கூடவே தலைவலி. வலி மாத்திரை தினமும் ரெண்டு போட்டுக்கிட்டு இருந்தேன். வெறுத்துப் போய் நாலு மாசம் முன்னாடி எல்லாத்தையும் நிறுத்திட்டு மூலிகைக்கு மாறிட்டேன். தெரிஞ்சவர் ஒருத்தர் வாங்கிக் கொடுத்த சூரணம், காலை ஒரு ஸ்பூன் ராத்திரி ஒரு ஸ்பூன். நம்ப மாட்டீங்க, மூணாவது நாளே வலி போயிடுச்சு! ரெண்டு வருஷத்துல முதல் தடவையா முழு ராத்திரி தூங்கினேன். பக்கவிளைவே இல்லை. பசி நல்லா எடுக்குது, முகம் கூட பூரிச்சு இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்திரையை விட்டுட்டு நீங்களும் ஏன் முழுசா மூலிகைக்கு வரக்கூடாது அக்கா?

மருந்துப்பெட்டி:

தம்பி அடிவானம், நான் மருந்தாளுநர். 22 வருடங்களாக இதே வேலை. உங்கள் பதிவைப் படித்ததும் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக இல்லை, தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

மூன்று நாளில் வலி முழுதாகப் போனது, அடங்காத பசி, முகம் உப்பியது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் வலியையும் வேகமாக அடக்கும் ஹார்மோன் வகை மருந்து. மூட்டு வலி மூலிகை என்று விற்கப்படும் பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து போன்றவற்றைச் சொல்லாமல் கலப்பது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் இப்படிப்பட்ட தயாரிப்புகளைப் பற்றிப் பொது எச்சரிக்கையே விடுத்தது. உங்கள் பொடியில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை, பார்க்காமல் சொல்லவும் முடியாது. ஆனால் இருக்குமோ என்று சந்தேகப்பட்டே ஆகவேண்டும்.

இதை நன்றாகக் கவனியுங்கள்: பயந்துபோய் இன்றைக்கே பொடியை நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு பல வாரங்கள் வந்துகொண்டே இருந்தால், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். திடீரென்று விட்டால் கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது, சில சமயம் உயிருக்கே ஆபத்து. பொடியைக் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். எத்தனை மாதம், எவ்வளவு அளவு என்று சொல்லுங்கள். அவர் அளந்து குறைத்துத் தருவார். அதற்குள் மயக்கமோ, நிற்காத வாந்தியோ, கடும் காய்ச்சலோ வந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

தலைவலி பற்றி ஒரு வார்த்தை. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலிக்குக் காரணமாகலாம். உங்களுடைய பழைய தலைவலியில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

அடிவானம்:

ஐயா, கை நடுங்குது. டப்பாவுல எதுவுமே எழுதல. வெள்ளை டப்பா, மூடி மட்டும் பச்சை. உள்ள என்ன இருக்குன்னு கொடுத்தவர்கிட்ட கேட்டா "பரம்பரை ரகசியம்"னு சொல்லிட்டார். நாளைக்குப் போறேன்.

வேரடிமண்:

மூலிகை மருத்துவத்தை முறைப்படி படித்துத் தொழிலாகச் செய்கிறவள் நான். மருந்துப்பெட்டி ஐயா சொன்ன ஒவ்வொரு வார்த்தைக்கும் நானும் சாட்சி. என் அனுபவத்தில் வலிக்குக் கொடுக்கும் மூலிகை எதுவும் மூன்று நாளில் இப்படி வேலை செய்ததில்லை. வாரக்கணக்கில் மெல்லத்தான் தெரியும், அதுவும் வலியைக் கொஞ்சம் தணிக்கும், துடைத்து எடுக்காது. பெயரைச் சொல்லாத மருந்தைத் தொடாதீர்கள். என் தொழிலில் ரகசியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு எரிகிறது. நோயாளி விழுங்குவது என்ன என்பது நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தும்பை எழுதிய ஒத்தடம் நல்ல முறை. இலையை அடையாளம் தெரியாமல் பறிக்கக்கூடாது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு உதாரணம் சொல்கிறேன், இரண்டிலும் கெடுதல் நடந்திருக்கிறது.

எருக்கிலையைச் சூடாக்கி மூட்டில் கட்டுவது பலருக்கும் தெரிந்த கை வைத்தியம். காம்பைக் கிள்ளும்போது வடியும் பால் விரலில் பட்டு, அந்த விரல் கண்ணில் பட்டால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கிவிடும். முதலில் வலி பெரிதாகத் தெரியாது, அதுதான் அதில் மோசம். பட்டுவிட்டால் சுத்தமான தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இரண்டாவது ஆடுதீண்டாப்பாளை. பழைய வைத்தியத்தில் பல இடங்களில் வரும் பெயர். அந்தச் செடி இனத்தில் அரிஸ்டலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைத் திரும்பாத அளவுக்குக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது, காரணம் இந்த இனச் செடி அதில் கலந்திருந்ததுதான். பழமையானது என்பதாலேயே பாதுகாப்பானது ஆகிவிடாது. உள்ளுக்குச் சாப்பிடவே வேண்டாம்.

எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால் நான் வெளிப்பூச்சைத்தான் சொல்வேன். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் 0.025 முதல் 0.075 சதவீதம் வரை சேர்ந்த களிம்பாகக் கிடைக்கிறது. முதல் சில நாள் எரியும். எரிகிறதே என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். தினம் மூன்று நான்கு முறை விடாமல் போட்டால் சில வாரங்களில் அந்த இடத்து நரம்பு நுனிகள் அசந்துபோகும். காரத்தையும் சூட்டையும் நரம்பில் உள்ள ஒரே உணர்வாங்கி (receptor) உணர்கிறது என்று 1997இல் கண்டுபிடித்தது அமெரிக்க ஆராய்ச்சியாளர் டேவிட் ஜூலியஸின் குழு. 2021 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. காரமும் சுடுவதும் நாக்குக்கு ஒன்றாகத் தெரிவது அதனால்தான். களிம்பு போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். புண் இருக்கும் இடத்தில் பூசாதீர்கள். அதன் மேலேயே சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

கேள்விக்குறி:

மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. தும்பை அவர்களே, உங்க வலியை நான் சந்தேகப்படல. ஆனா இலை ஒத்தடத்துக்கு ஆதாரம் என்ன? சூட்டுக்கு ஆதாரம் இருக்கு, சரி. இலைக்கு? மஞ்சளைப் பத்தியும் இப்படித்தான் ஊரே பேசுது. மஞ்சள் தூள்ல மருந்துச் சத்துன்னு சொல்ற குர்குமின் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் குடல்ல சரியா உறிஞ்சப்படாது. நமக்கு வேண்டியதை நம்பி மனசு சமாதானம் ஆகுதோன்னு தோணுது.

தும்பை:

நல்ல கேள்வி, கோபம் இல்லை. இலைக்குன்னு தனியா என்கிட்ட ஆதாரம் இல்லை. சுடுதண்ணிப் பை வெச்சாலும் எனக்குப் பாதி சுகம் கிடைக்கும். நேரமில்லாத நாள்ல அதைத்தான் வைக்கிறேன்.

ஆனா மனசு சமாதானம் ஆகறதைச் சின்ன விஷயமா நான் நினைக்கல. நாள்பட்ட முதுகுவலி இருந்தவங்களுக்கு "இதுல மருந்தே இல்லை, வெறும் மாத்திரை"ன்னு சொல்லியே கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016ல வந்துச்சு. வழக்கமான சிகிச்சையை மட்டும் தொடர்ந்தவங்களை விட அவங்களுக்கு வலி குறைஞ்சுது. ஏமாத்தாமலே! என் பிசியோ சொன்ன கதவு ஞாபகம் வருது. மேல இருந்து மூளையும் அதைச் சாத்தும்.

என் கோடு இதுதான்: கெடுதல் இல்லாதது, காசைக் கரைக்காதது, டாக்டர்கிட்ட மறைக்கத் தேவையில்லாதது. இந்த மூணுக்குள்ள வந்தா ஆதாரம் கம்மியா இருந்தாலும் வெச்சுக்குவேன். உள்ளுக்குச் சாப்பிடறதுன்னா கோடு வேற. அங்க நீங்க சொல்றதுதான் சரி.

மருந்துப்பெட்டி:

உள்ளுக்குச் சாப்பிடுவது என்று வந்துவிட்டதால் நானும் சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் உறிஞ்சப்படாது என்பதால் மிளகிலுள்ள பிப்பெரினைச் சேர்த்து மாத்திரையாக விற்கிறார்கள். குர்குமின் உறிஞ்சப்படுவதைப் பிப்பெரின் பல மடங்கு கூட்டும், உண்மை. அதே வேலையை நீங்கள் சாப்பிடும் வேறு மருந்துகளுக்கும் செய்யலாம், உதாரணமாக வலிப்பு மருந்து ஃபெனிடாய்ன். செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் வீங்கியவர்களும் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மஞ்சள், இஞ்சி எதையும் மாத்திரை வடிவில் சொல்லாமல் தொடங்கக்கூடாது. அதிமதுரத்தை வாரக்கணக்கில் நிறையச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அமுக்கரா (அஸ்வகந்தா) தூக்கத்துக்கு உதவுவதாகப் பலர் சொல்கிறார்கள், ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது, தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. வில்லோ மரப்பட்டையில் இருக்கும் சாலிசின் ஆஸ்பிரினின் சொந்தக்காரன். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதுவும் ஒத்துக்கொள்ளாது.

மருத்துவர் திட்டுவாரோ என்று பயந்து மூலிகையை மறைப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். தயவுசெய்து மறைக்காதீர்கள். தும்பை அவர்களின் நோட்டில் "உள்ளுக்கும் வெளியிலும் என்ன மருந்து" என்ற வரி இருக்கிறதே, அதை அப்படியே மருத்துவரிடம் நீட்டினால் போதும்.

நெடுவழி:

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இரண்டு முழங்காலிலும் 15 ஆண்டு வலி. மருந்து பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, சொல் பற்றிச் சொல்லலாம்.

மருத்துவர்கள் வலியைக் கேட்டறிய ஒரு வினாத்தாள் வைத்திருக்கிறார்கள். தும்பை குறிப்பிட்ட அதே மெல்சாக் 1975இல் வெளியிட்டது. வலியை விவரிக்கும் 78 சொற்கள், 20 தொகுதிகள். அதை அறிந்தபோது நம்மிடம் எத்தனை இருக்கிறது என்று எழுதிப் பார்த்தேன். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், பிடிப்பு, இழுப்பு, தெறிப்பு, மதமதப்பு, வெட்டி வெட்டி இழுப்பது, விண்ணுவிண்ணென்று தெறிப்பது, சுருக்சுருக்கென்று தைப்பது. இரவு இரண்டு மணிக்கு எழுதத் தொடங்கியது, விடியும்போதும் முடியவில்லை. அந்த மூன்று மணி நேரம் முழங்காலை நான் நினைக்கவே இல்லை. இல்லை, தவறு. முழங்காலை மட்டும்தான் நினைத்தேன், ஆனால் பயமில்லாமல் நினைத்தேன்.

குடைச்சல் வேறு, கடுப்பு வேறு. குடைச்சல் எலும்புக்குள் உட்கார்ந்து துளைக்கும். கடுப்பு ஓய்வெடுத்தால் இறங்கும். எனக்குக் குடைச்சலுக்குச் சூடு கேட்கிறது, எரிச்சலுக்குக் குளிர்ந்த துணி கேட்கிறது. "ஐயா, வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இது எனக்கே தெரியவில்லை. மருத்துவரிடம் "பகலில் கடுப்பு, இரவில் பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும்" என்று சொன்ன அன்றுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். நரம்புப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

உளைச்சல் என்ற சொல்லில் எனக்கு ஒரு தனி வியப்பு. கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சலும் என்கிறோம். நோய் என்ற சொல்லும் நோதல் என்பதிலிருந்து வந்ததுதான். பழந்தமிழில் உடல் வருத்தத்துக்கும் பிரிவின் வருத்தத்துக்கும் அது ஒரே சொல். உடம்பையும் மனத்தையும் நம் மொழி தனித்தனி அறையில் வைக்கவில்லை. "வலி உடம்பிலா, மனதிலா?" என்று யாராவது கேட்டால் இனி நான் சங்கடப்படப் போவதில்லை.

துணைக்கரம்:

வலி எனக்கில்லை, என் மனைவிக்கு. ஆறு வருஷம். நான் கேட்க வந்தது ஒண்ணுதான். வேலை முடிஞ்சு வந்ததும் "இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்பேன். முன்னெல்லாம் பதில் சொல்வாங்க, இப்ப முகத்தைத் திருப்பிக்கிறாங்க. நான் என்ன தப்பு செய்யறேன்?

தும்பை:

அண்ணா, நீங்க தப்பு எதுவும் செய்யல. அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்லணும்னு ஆசையா இருக்கும், சொல்ல முடியாது. "அப்படியேதான் இருக்கு"ன்னு ஆயிரமாவது தடவை சொல்லும்போது உங்க முகம் வாடுறதைப் பார்க்க முடியாம திரும்பிக்கிறாங்க. என் அனுபவம் அது, அவங்களுக்கும் அப்படித்தானான்னு கேட்டுப் பாருங்க.

என் வீட்டுல நாங்க பேசி வெச்சுக்கிட்டது, "இப்ப எது முடியும்?"னு கேட்கறது. "உட்கார்ந்து பேச முடியும், பாத்திரம் கழுவ முடியாது"ன்னு என்னால சொல்ல முடியுது. சில நாள் எதுவும் கேட்காம மூட்டையைச் சூடாக்கிக் கொண்டு வந்து கொடுப்பாங்க. அது போதும். நீங்களும் தூங்குறீங்களா அண்ணா? அதையும் கவனிங்க.

இலைமறை:

தியானம் பத்தி யாரும் சொல்லலையே. ஜான் கபாட்-சின் 1979ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்ச 8 வாரப் பயிற்சி, தீராத வலி இருக்கறவங்களை மனசுல வெச்சு வந்ததுதான். அதுல படுத்துக்கிட்டே கால் விரல்ல இருந்து உச்சந்தலை வரைக்கும் ஒவ்வொரு இடமா கவனத்தைக் கொண்டு போகணும். எனக்கு முதல் ரெண்டு வாரம் வலி அதிகமாத் தெரிஞ்சுது, நிறுத்திடலாம்னு இருந்தேன். சொல்லிக் கொடுத்தவங்க "வலிக்கிற இடத்தை விட்டுட்டு வலிக்காத இடத்துல இருந்து தொடங்குங்க"ன்னாங்க. எனக்கு வலிக்காத இடம் இடது காது மடல். தினமும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன். பழைய அதிர்ச்சி எதாவது மனசுல இருக்கறவங்க தனியா முயற்சி பண்ணாம, தெரிஞ்சவங்க துணையோட செய்யறது நல்லது.

வேரடிமண்:

ஒன்று விட்டுப்போனது. பழகிய வலி என்று நாமாகவே முடிவு செய்துவிடக் கூடாத நேரங்கள் உண்டு. முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தால், தொடையிடுக்கு மரத்துப்போனால், கால் திடீரென்று பலமிழந்தால் அன்றைக்கே மருத்துவமனை. காரணமில்லாமல் எடை குறைந்தாலும், வலியோடு காய்ச்சல் தொடர்ந்தாலும் காட்டிவிட வேண்டும். எத்தனை வருட வலியாக இருந்தாலும் புதிதாக மாறினால் புதிதாகப் பார்க்க வேண்டும்.

அடிவானம் (மூணு வாரம் கழிச்சு):

எல்லாருக்கும் வணக்கம். தாமதத்துக்கு மன்னிச்சுக்கோங்க.

மறுநாளே போனேன். டாக்டர் திட்டல. டப்பாவை வாங்கி வெளிச்சத்துல பார்த்துட்டு, "நல்லவேளை நீங்களா நிறுத்தல"ன்னார். காலையில ரத்தம் எடுத்துப் பார்த்ததுல கார்ட்டிசால் (அட்ரீனல் சுரப்பி சுரக்கிற ஹார்மோன்) ரொம்பக் குறைவா வந்துச்சு. சர்க்கரையும் கொஞ்சம் ஏறியிருக்கு. இப்ப பொடிக்குப் பதிலா அவரே அளவு தெரிஞ்ச மாத்திரை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டு வர்றார். இன்னும் சில மாசம் ஆகும்னு சொன்னார். கழுத்துக்கு பிசியோவும் ஆரம்பிச்சாச்சு. மருந்துப்பெட்டி ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

வலி திரும்ப வந்துடுச்சு. போன வாரம் ராத்திரி உட்கார்ந்து அழுதேன். வலிக்காக அழல. அந்த நாலு மாசத் தூக்கம் பொய்னு நினைச்சு அழுதேன். ஏமாத்தினவர் மேல கோபம் வந்துச்சு, ஆனா அந்த டப்பா திரும்பக் கிடைச்சா சாப்பிட்டுடுவேனோன்னு பயமும் வந்துச்சு. இதை வேற யார்கிட்டயும் சொல்ல முடியல.

தும்பை:

தம்பி, அந்தத் தூக்கம் பொய் இல்லை. வலியில்லாம இருக்கறது எப்படின்னு உன் உடம்பு அந்த நாலு மாசம் ஞாபகப்படுத்திக்கிட்டுச்சு. அதை இழந்ததுக்கு அழத்தான் வேணும், நானும் அழுதிருப்பேன். டப்பா மேல ஆசை வருதுன்னு சொன்னதுல வெட்கப்பட எதுவும் இல்லை. அதையும் டாக்டர்கிட்ட சொல்லு. ராத்திரி அழுகை வந்தா இங்க வந்து எழுது, நான் பெரும்பாலும் முழிச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். நோட்டு ஒண்ணு வாங்கினியா?

அடிவானம்:

வாங்கினேன் அக்கா. நெடுவழி ஐயா சொன்ன மாதிரி எண் போடாம சொல் போடுறேன். நேத்து எழுதினதை இங்க போடுறேன்:

"காலை: கழுத்துல பிடிப்பு. கையில தெறிப்பு இல்லை. மாடிப்படி ஏறி இறங்கினேன், ரெண்டு தடவை. மருந்து: டாக்டர் கொடுத்த மாத்திரை, சாயங்காலம் வெந்நீர் ஒத்தடம் பதினைஞ்சு நிமிஷம், புறங்கையில பார்த்துட்டு. தூக்கம்: 1 மணிக்கு முழிப்பு, அப்புறம் 3ல இருந்து 6 வரைக்கும் நல்லா."

நெடுவழி:

கையில தெறிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அது எத்தனை நாளாக இல்லை?

அடிவானம்:

இப்ப நீங்க கேட்டப்புறம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன் ஐயா. அஞ்சு நாளா.